ராஃப்டிங், ஏரி, முக்திநாத்: ஒன்பது நாளில் நேபாளம் போய்வருவது எப்படி?

நேபாளப் பயணம் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது விமான நிலையச் செக்-இன் கவுன்டர்: கையில் ஆதார் மட்டும் இருக்கும். இரண்டாவது காத்மாண்டு - பொக்காரா சாலை: ஏஜென்ட் ஆறு மணி நேரம் என்பார், பத்து மணி நேரம் ஆகும். மூன்றாவது முக்திநாத்தில் தங்கும் இரவு: தலை பிளக்கும், தூக்கம் வராது. இந்த மூன்றுக்கும் மருந்து ஊரிலேயே இருக்கிறது. திட்டத்தைச் சரியான வரிசையில் போட்டால் போதும்.

இங்கே சொல்லப்போவது திரிசூலி ஆற்றில் ஒரு நாள் ராஃப்டிங், மனகாமனா அம்மன் மலைக்கோயில், பொக்காராவின் ஃபேவா ஏரி, முக்திநாத், பசுபதிநாத் ஆகியவை அடங்கிய பயணம். முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பெரியவர்கள் அதிகம். ராஃப்டிங் கேட்பது பிள்ளைகள். இரண்டு தரப்பையும் ஒரே வண்டியில் சமாளிக்க முடியும். எப்படி என்பது 7ஆம் படியில்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை முதல் தேர்வு. வானம் தெளிந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் அளவாக இருக்கும், மலைச்சாலையும் காய்ந்திருக்கும். மார்ச், ஏப்ரல் இரண்டாவது தேர்வு. ஏப்ரலில் புகைமூட்டம் மலையை மறைத்துவிடும். ஏரிக்கரையில் நின்று அன்னபூர்ணாவைத் தேட வேண்டியிருக்கும். கோடை விடுமுறை என்பதால் மே மாதம்தான் முடியும் என்றால், முதல் பாதியில் போய்வந்துவிடுங்கள்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். 2024 ஜூலையில் நாராயண்காட் - முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளை அப்படியே திரிசூலிக்குள் தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் பெய்த மழையில் காத்மாண்டிலிருந்து வெளியேறும் நெடுஞ்சாலையே அடைபட்டது. நீங்கள் ராஃப்டிங் போகும் ஆறும் வண்டியில் போகும் சாலையும் ஒரே பள்ளத்தாக்கில்தான் ஓடுகின்றன.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது ஆயுதபூஜை விடுமுறையில். நமக்கு நவராத்திரி என்றால் அவர்களுக்கு தசைன், ஆண்டின் மிகப்பெரிய பண்டிகை. ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். பஸ் டிக்கெட் கிடைக்காது, டிரைவர்கள் லீவில் போவார்கள், கிடைக்கிற வண்டியும் விலை ஏறியிருக்கும். தசைன் முடிந்து தீபாவளி நேரத்தில் திஹார் வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, அல்லது திஹார் முடிந்த மறுவாரம், நிம்மதியான நாட்கள்.

ஒன்பது நாள் திட்டம் போட்டால் லீவு பத்து நாளுக்கு எழுதிக் கொடுங்கள். அந்தப் பத்தாவது நாளை மலைச்சாலை எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் ஏரிக்கரையில் செலவழியுங்கள்.

2. ஆவணம்: ஆதாரை நம்பாதீர்கள்

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டாம். அதனால் ஆவணமே வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விமானத்தில் போக இரண்டில் ஒன்று கட்டாயம்:

- செல்லுபடியாகும் பாஸ்போர்ட்
- தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அட்டை, அசல்

ஜெராக்ஸ், போனில் உள்ள படம், டிரைவிங் லைசென்ஸ், பான் எதுவும் இவற்றுக்கு மாற்று ஆகாது. ஆதார், பான், லைசென்ஸ் போன்ற புகைப்பட அட்டைகளுக்குச் சலுகை இருப்பது 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். 15 முதல் 18 வரை உள்ள பிள்ளைகளிடம் வாக்காளர் அட்டை இருக்காது. பாஸ்போர்ட் இல்லையென்றால் பள்ளித் தலைமையாசிரியரிடம் உரிய படிவத்தில் அடையாளச் சான்று வாங்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு பள்ளி விடுமுறையில் கிளம்பினால், சான்று தர அங்கே ஆள் இருக்க மாட்டார். பள்ளி மூடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள், பெற்றோர் என்று குடும்பமாகப் போகும்போது, பெரியவர் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் மற்றவர்கள் புகைப்படமும் உறவும் தெரியும் வேறு அட்டைகளைக் காட்டலாம் என்று ஒரு விதி உண்டு. விதி உண்மைதான். ஆனால் காலை நான்கு மணிக்குக் கவுன்டரில் இருக்கும் ஊழியரிடம் அதை வாதாடிப் புரியவைப்பது உங்கள் பாடு. ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட் இருந்தால் அந்தத் தலைவலி இல்லை.

கொழும்பு வழி, துபாய் வழி என்று மூன்றாவது நாடு வழியாக மலிவு டிக்கெட் கண்ணில் படும். அதற்குப் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. வாக்காளர் அட்டை, இந்தியாவிலிருந்து நேரே நேபாளம் போகும் விமானத்துக்கு மட்டும்.

பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆளுக்கு நான்கு, ஆவண நகல் மூன்று செட் எடுத்துவையுங்கள். மலைப் பெர்மிட்டுக்கும் சிம் கார்டுக்கும் கேட்பார்கள்.

3. டிக்கெட்டில் பெயர்

இது தமிழர்களுக்கே உரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வாக்காளர் அட்டையில் இனிஷியல் மட்டும் இருக்கும் அல்லது அதுவும் இருக்காது. எந்த ஆவணத்தைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ள எழுத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட் பெயரில் டிக்கெட் போட்டுவிட்டு வாக்காளர் அட்டையோடு போய் நிற்பதுதான் வழக்கமான சிக்கல். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக விட முடியாத தளங்களில் என்ன போடுவது என்பதை விமான நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஏஜென்ட்டின் யூகத்துக்கு விடாதீர்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு டெல்லியில் மாறிக் காத்மாண்டு போவது வழக்கமான தடம். இரண்டு விமானங்களையும் ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் மொத்தமும் போய்விடும். திரும்பும்போது இது இன்னும் முக்கியம். காத்மாண்டு விமான நிலையத்தில் நெரிசலும் காலைப் பனிமூட்டமும் அதிகம். டெல்லியில் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். போன் தானாக மாற்றிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாற்றாது.

4. பணம்: ஐ.சி.யா, என்.சி.யா?

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993 முதல் இந்த விகிதம் மாறவில்லை, ஆகவே கணக்குப் போடுவது எளிது. சிக்கல் வேறு இடத்தில். ஓட்டல்காரர் "இரண்டாயிரம் ரூபாய்" என்றால் எந்த ரூபாய்? நேபாளத்தில் இந்திய ரூபாயை ஐ.சி. என்றும், நேபாள ரூபாயை என்.சி. என்றும் சொல்வார்கள். விலை பேசும் ஒவ்வொரு முறையும் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் 2,000 என்.சி., அதாவது 1,250 ரூபாய், கணக்கு தீர்க்கும்போது 2,000 ஐ.சி. ஆகிவிடும். வாட்ஸாப்பில் பேசினால் அந்த இரண்டு எழுத்தையும் எழுதியே வாங்குங்கள்.

100 ரூபாய் நோட்டு எங்கும் செல்லும். 200, 500 ரூபாய் நோட்டுகளுக்கு 2018 கடைசியில் நேபாளம் தடை போட்டது. அதன்பின் இரு நாட்டு விதிகளிலும் பேச்சும் மாற்றமும் நடந்தபடி இருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதி இடம் கொடுத்தாலும் மலைக் கடைக்காரர் 500 ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வங்கியில் 100 ரூபாய்க் கட்டுகளாக வாங்கிக்கொண்டு போவதே மேல்.

2024 மார்ச்சிலிருந்து ஃபோன்பே போன்ற நம் யு.பி.ஐ. செயலிகளால் நேபாளத்தில் 'ஃபோன்-பே' க்யூ.ஆர். வைத்துள்ள கடைகளில் பணம் கட்டலாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது நேபாள நிறுவனம், வேறு. கிளம்பும் முன் செயலியில் சர்வதேசப் பரிமாற்றத்தை இயக்கிவிடுங்கள். இன்னொன்று, இந்திய சிம்மைப் போனிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றினால் யு.பி.ஐ. செயலி மறுபடி பதிவு கேட்கும், அதற்கு வேண்டிய எஸ்.எம்.எஸ். போகாது. நேபாள சிம்மை இரண்டாவது இடத்தில் போடுங்கள். மலைக்கு மட்டும் ரொக்கம். முக்திநாத் போகும் வழியில் உள்ள பேனி ஊரைத் தாண்டிவிட்டால் ஏ.டி.எம்.மை நம்பிப் போக வேண்டாம்.

5. நாட்களை இந்த வரிசையில் அடுக்குங்கள்

முதல் நாள் காத்மாண்டு போய்ச் சேர்வது. 2: திரிசூலி ராஃப்டிங், ஆற்றோர ஊரான குரிந்தாரில் தங்கல். 3: காலையில் மனகாமனா, மாலையில் பொக்காரா. 4: ஏரி, பெர்மிட், ஓய்வு. 5: ஜீப்பில், முக்திநாத்துக்கு முன்னால் உள்ள மார்ஃபா அல்லது ஜோம்சோம். 6: முக்திநாத் தரிசனம், அன்றே இறக்கம். 7: பொக்காரா. 8: விமானத்தில் காத்மாண்டு, பசுபதிநாத். 9: ஊர்.

பசுபதிநாத்தை முதல் நாளே முடித்துவிடத் தோன்றும். விமானம் தாமதமானால் அந்தத் திட்டம் நிற்காது. கடைசிக்கு வைத்தால் நிதானமாக இருக்கும். மலை நடுவில் வருவதும் காரணத்தோடுதான். ராஃப்டிங்கைக் கடைசியில் வைத்து முன்பணமும் கட்டிவிட்டு, ஜோம்சோம் சாலையில் மண்சரிவில் ஒரு நாள் போனால், அந்தப் பணம் திரும்பாது.

ஆறு நாள்தான் இருக்கிறது என்றால் முக்திநாத்தை விட்டுவிடுங்கள். அதை இரண்டு நாளில் திணிப்பவர்கள்தான் 11ஆம் படியில் சொல்லப்படும் நிலைக்கு ஆளாகிறார்கள்.

6. வண்டி

நேபாளத்தில் சுற்றுலா வண்டிகளுக்குப் பச்சை நம்பர் பிளேட். சிவப்பு பிளேட் சொந்த வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, வழியில் போலீஸ் நிறுத்தினால் உங்கள் நேரம்தான் போகும். வண்டிப் படத்தை முன்கூட்டியே கேட்டு பிளேட் நிறத்தைப் பாருங்கள்.

வாடகை பேசும்போது இவை அதில் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: டீசல், டிரைவர் சாப்பாடும் தங்கலும், பார்க்கிங், முக்திநாத்தில் காத்திருப்பு, சாலை அடைபட்டால் கூடுதல் நாளுக்கு எவ்வளவு. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சண்டை வருவதும் அதில்தான். வாடகை ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. இரண்டு பேர் போவதைவிட ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஆகும் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

காத்மாண்டு - பொக்காரா சுமார் 200 கிலோமீட்டர். சாலை அகலப்படுத்தும் வேலையால் பல இடங்களில் ஊர்ந்துதான் போக முடியும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பள்ளத்தாக்கை விட்டு இறங்கும் நாக்துங்கா நெரிசலிலிருந்து தப்பலாம். எட்டு மணிக்குக் கிளம்பினால் லாரிகளின் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். திரும்பும்போது பொக்காராவிலிருந்து விமானம் ஏறுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. உள்நாட்டு விமானங்களில் நேபாளியருக்கு ஒரு கட்டணம், இந்தியருக்கு ஒரு கட்டணம், மற்ற வெளிநாட்டவருக்கு டாலரில் ஒரு கட்டணம். வெளிநாட்டவர் என்று பொதுவாகப் போட்டுத் தரும் ஏஜென்ட்டுகள் உண்டு. டிக்கெட்டில் நாடு இந்தியா என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

7. திரிசூலியில் ராஃப்டிங்

படகு இறக்கும் இடம் சரௌடி. அங்கிருந்து கீழ்நோக்கி இரண்டு, மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டுக் குரிந்தார் பக்கம் கரையேறுவது வழக்கமான ஒரு நாள் தடம். குரிந்தாரில்தான் மனகாமனா கேபிள் கார் நிலையம். சாலையும் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே பெரியவர்களும் பெட்டிகளும் வண்டியில் முன்னே போய் அறை எடுத்து ஓய்வெடுக்கலாம், ராஃப்டிங் கோஷ்டி ஈரத்தோடு அங்கேயே வந்து சேரலாம். ஒரே வண்டியில் இரண்டு தரப்பையும் சமாளிக்கும் வழி இதுதான். முன்பதிவின்போதே "குரிந்தாரில் இறங்க வேண்டும்" என்று சொல்லிவையுங்கள். சில நிறுவனங்கள் அதற்கு முன்னரே படகை முடித்துவிடும்.

காத்மாண்டிலிருந்து பஸ்ஸோடு சேர்த்து ஒரு விலை, ஆற்றுக்கு மட்டும் ஒரு விலை என்று இரண்டு உண்டு. சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டாவதைக் கேளுங்கள். மதியச் சாப்பாடும் கருவிகளும் அடக்கமா என்பதையும் கேளுங்கள்.

அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் இந்தத் தடம் மூன்றாம் கிரேடு (நடுத்தரக் கடுமை) அளவில் இருக்கும். அலை தெறிக்கும், படகு தூக்கிப்போடும், நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். தெரியாது என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களைத் தன் பக்கத்தில் உட்காரவைப்பார். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் வேண்டாம். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

படகில் ஏறும் முன் பார்க்க வேண்டியவை:

லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் இறுக்கிய பிறகு, இன்னொருவரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தளர்வு. தண்ணீரில் அது முகத்தை மறைக்கும், உங்களைத் தூக்காது. இறுக்குங்கள், அல்லது வேறு அளவு கேளுங்கள். ஹெல்மெட்டும் அப்படியே: தலையை ஆட்டினால் அது நெற்றியை விட்டு நகரக்கூடாது.

கூடவே ஒரு பாதுகாப்புக் கயாக், அதாவது ஒருவர் ஓட்டும் ஒல்லியான சிறு படகு, வருகிறதா என்று பாருங்கள். ஒற்றைப் படகு மட்டும் கிளம்பினால், கயாக் எங்கே என்று கேளுங்கள். விழுந்தவரைப் படகைவிட வேகமாகப் போய்ப் பிடிப்பது அதுதான்.

துடுப்பின் மேல் முனையில் டி வடிவப் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியிருக்க வேண்டும். அலையில் கை நழுவினால் அந்தப் பிடி பக்கத்திலிருப்பவரின் பல்லில் இறங்கும். ராஃப்டிங்கில் ஏற்படும் காயங்களில் பல தண்ணீரால் அல்ல, இந்தப் பிடியால்தான் என்று வழிகாட்டிகள் அலுத்துக்கொள்வார்கள்.

விழுந்தால் நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரோட்டம் ஆளைக் குப்புறத் தள்ளும். மல்லாந்து, கால் இரண்டும் ஆறு ஓடும் திசையில், கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதந்து போங்கள். கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

உடுப்பு: சீக்கிரம் காயும் டி-ஷர்ட், அரைக்கால் சட்டை அல்லது லெகிங்ஸ், வார் வைத்த செருப்பு. ஜீன்ஸ், வேட்டி, துப்பட்டா ஆகாது. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் கயிறு வேண்டும். தாலிச் சங்கிலி, மோதிரம் வண்டியிலேயே இருக்கட்டும். வெயிலாக இருந்தாலும் ஆறு பனிமலையிலிருந்து வருவது. ஒரு துண்டும் மாற்றுடையும் வண்டியில் எட்டும் இடத்தில் வையுங்கள்.

பயணக் காப்பீடு எடுத்தால் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மலிவுப் பாலிசிகளில் ராஃப்டிங் சேராது. 3,000 மீட்டருக்கு மேல் செல்லாது என்ற வரியும் சிலவற்றில் இருக்கும். முக்திநாத்துக்கு அது உதவாது.

8. மனகாமனா

கேபிள் கார் 2.8 கிலோமீட்டர், ஏறிச்சேரப் பத்து நிமிடம். இந்தியருக்குத் தனிக் கட்டணம் உண்டு, அடையாள அட்டையைக் காட்டி வாங்குங்கள். சனிக்கிழமை நேபாளத்தின் வார விடுமுறை, வரிசை நீளும். மூன்றாம் நாள் சனிக்கிழமையாக வராமல் பயணத்தைத் தொடங்குங்கள். அம்மன் சன்னதியில் ஆடு பலி கொடுக்கும் வழக்கம் உண்டு. அது ஒவ்வாதவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் கோயிலின் பின்பக்கம் போகாமல் முன்னால் தரிசித்துத் திரும்பலாம்.

9. பொக்காரா: ஏரியும் பெர்மிட்டும்

முதலில் பெர்மிட். முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. ஜீப்பில் போனாலும், கோயிலுக்கு மட்டும் போனாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 என்.சி., நம் கணக்கில் 625 ரூபாய். மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. பத்து வயதுக்குக் கீழ் இலவசம். ஆவணமும் இரண்டு புகைப்படமும் கொடுத்தால் கையோடு கிடைத்துவிடும். வாங்காமல் போய்ச் சோதனைச் சாவடியில் மாட்டினால் இரண்டு மடங்கு. டிரெக்கிங் அட்டையும் வேண்டும் என்று சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். ஜீப் யாத்திரைக்கு அது தேவையில்லை. நேபாள விக்ரம் ஆண்டில் தேதி போடப்பட்ட ரசீதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், அது நம்மைவிட சுமார் 57 ஆண்டு முன்னால் ஓடும். பஸ் டிக்கெட்டில் இப்படித் தேதி இருந்தால் மட்டும் ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

ஃபேவா ஏரியில் படகுக் கட்டணம் கவுன்டரில் பலகையில் எழுதியிருக்கும், பேரம் கிடையாது. படகோட்டியோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை. காற்று இல்லாத காலை ஏழு மணிக்குப் போனால் மச்சபுச்ச்ரே சிகரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். பத்து மணிக்குமேல் அலையில் உடைந்துவிடும். தீவில் இருக்கும் தால் வராஹி கோயிலுக்கு மட்டும் என்றால் போய்வரத் தனிப் படகுச் சீட்டு வாங்குவது மலிவு. அமைதியான ஏரி வேண்டுமென்றால் ஊருக்குக் கிழக்கே பேக்னாஸ் போங்கள். ஃபேவா பக்கம் கடைகளும் பாட்டும் அதிகம்.

மலைக்கு வேண்டிய தடித்த ஜாக்கெட்டை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம், பொக்காராவின் ஏரிக்கரைக் கடைத்தெருவான லேக்சைடில் வாடகைக்குக் கிடைக்கும். அளவையும் ஜிப்பையும் போட்டுப் பார்த்து எடுங்கள்.

10. ஜோம்சோம் போகும் வழி

விமானம் என்றால் 20 நிமிடம். ஆனால் காலையில் மட்டும்தான். முற்பகலுக்குப் பிறகு காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கும், சின்ன விமானங்கள் இறங்க முடியாது. மேகம் வந்தால் ரத்து. பெட்டி எடையும் மிகக் குறைவாகவே அனுமதி. விமானத்தில் போகத் திட்டமிட்டாலும் ஜீப்புக்கு ஒரு நாள் கையில் இருக்க வேண்டும்.

ஜீப் என்றால் பொக்காரா, பேனி, தாதோபானி, காசா, மார்ஃபா, ஜோம்சோம். எட்டு முதல் பத்து மணி நேரம். பேனிக்கும் காசாவுக்கும் நடுவில்தான் குலுக்கல் அதிகம். வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், மாத்திரையை வண்டி ஏறுவதற்கு அரை மணி முன் போடுங்கள். காசாவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு அகன்று, பச்சை போய்ப் புழுதியும் காற்றும் வரும். முகத்துக்குத் துணியும் கறுப்புக் கண்ணாடியும் அப்போது வேண்டும்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தப் பள்ளத்தாக்கு மக்களான தகாலியரின் சமையல் கடைகளில் சோறு, பருப்பு, காய், கீரை கேட்கக் கேட்கப் போடுவார்கள், சைவர்களுக்குக் குறையில்லை. மோமோ விஷயத்தில் மட்டும் கவனம். பஃப் என்றால் எருமை. வெஜ் மோமோவும் அதே ஆவிச்சட்டியின் அடுத்த அடுக்கில்தான் வேகும். கறாரான சைவர்கள் சோற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

11. எங்கே படுப்பது

பொக்காரா சுமார் 820 மீட்டர். ஜோம்சோம் சுமார் 2,740. முக்திநாத் 3,700க்கு மேல். காலையில் பொக்காராவில் காபி குடித்தவர் இரவு முக்திநாத் அடிவாரமான ராணிபவுவாவில் படுத்தால், ஒரே நாளில் ஏறத்தாழ 2,900 மீட்டர் ஏறியிருப்பார். உடம்பு அதற்குத் தயாராக இருக்காது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, மூச்சிரைப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். பகலில் ஏறி இறங்குவதைவிட அந்த உயரத்தில் தூங்குவதுதான் ஆபத்து, ஏனென்றால் தூக்கத்தில் மூச்சு இன்னும் குறையும்.

ஆகவே ராணிபவுவாவில் தங்காதீர்கள். மார்ஃபா, ஜோம்சோம், காக்பேனி மூன்றில் ஒன்றில் தங்கி, காலையில் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். ஜோம்சோமிலிருந்து கோயில் அடிவாரத்துக்கு வண்டியில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். "மேலேயே தங்கினால் விடியற்காலை தரிசனம்" என்று ஏஜென்ட் சொல்லுவார். வயதானவர்கள் இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. டயமாக்ஸ் என்றால் மருந்துக்கடையில் தெரியும். ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் இருவேளை என்பது வழக்கமான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கும் சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்களுக்கும் ஆகாது. ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்பே கேட்க வேண்டும். மேலே போனபின் நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ தரிசனம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டியைக் கீழே திருப்புங்கள். ஆயிரம் மீட்டர் இறங்குவதற்கு ஈடான மருந்து இல்லை.

12. முக்திநாத்தில் அந்த இரண்டு மணி நேரம்

எட்டு மணிக்கு ராணிபவுவாவில் இருக்கும்படி கிளம்புங்கள். அதற்கு முன் குளிர் எலும்பைத் துளைக்கும், பதினொன்றுக்கு மேல் காற்று. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோயில் அரை மணி ஏற்றம், கடைசியில் படிகள். குதிரையும் மோட்டார் பைக்கும் கிடைக்கும். போகவரச் சேர்த்து, காத்திருப்புடன், என்.சி.யில் விலை பேசுங்கள். போக மட்டும் பேசினால் திரும்பும்போது விலை வேறாகும். இரண்டுமே படிகளுக்கு முன்னால் நின்றுவிடும்.

கருவறையின் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 தாரைகள், தலை உயரத்தில். முன்னால் இரண்டு குண்டங்கள், அதாவது சிறு குளங்கள். தாரைகள் எல்லாவற்றின் கீழும் குனிந்து போய், பிறகு குண்டங்களில் முழுகி எழுவது மரபு. தண்ணீர் பனி உருகியது. முதல் பத்துத் தாரையிலேயே மூச்சு அடைக்கும். அப்போது நின்று யோசித்தால் இன்னும் கஷ்டம், நடையை நிறுத்தாமல் முடித்துவிட வேண்டும். தரை பாசி பிடித்து வழுக்கும், ஓடாதீர்கள். 60 தாண்டியவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உலர்ந்த உடை, கம்பளித் தொப்பி, பெரிய துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, குளிக்காத ஒருவர் கையில் கொடுங்கள். உடை மாற்ற மறைப்பு உண்டு. தலையை முதலில் துவட்டித் தொப்பி போடுங்கள், பிறகுதான் மற்றவை. தரிசனம் உலர்ந்த உடையில்.

இங்கே பௌத்தப் பிக்குணிகளும் வழிபாட்டுப் பணி செய்கிறார்கள். நம் ஊர்க் கோயில் முறையில் அர்ச்சனை எதிர்பார்க்க வேண்டாம். துளசி, கற்கண்டு கொண்டுபோனால் கொடுக்கலாம். பாசுரம் சேவிக்க விரும்புபவர்கள் சன்னதிக்கு எதிரில் நின்று தாராளமாகச் சேவிக்கலாம். சற்றுத் தள்ளி ஜ்வாலா மாயி கோயிலில், ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் பாறையிலிருந்து வரும் இயற்கை வாயு நீலமாக எரிவதைத் திரை விலக்கிக் காட்டுவார்கள். அவசரத்தில் பலர் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

முன்னோருக்குத் திதி கொடுப்பவர்கள் இறங்கும்போது காக்பேனியில் கண்டகிக் கரையில் கொடுக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், தட்சிணையை முன்பே பேசுங்கள். சாளக்கிராமம் வாங்குவது என்றால் ஒன்று: கடைந்து செதுக்கிய போலிகள் நிறைய. சக்கரம் மிகச் சுத்தமாக, அச்சில் வார்த்ததுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

13. காத்மாண்டும் திரும்புதலும்

பசுபதிநாத் கருவறை விடியற்காலையில் திறந்து, பகலில் நடை சாத்தி, மாலையில் மறுபடி திறக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நிற்காதீர்கள். இந்தியருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தோல் பெல்ட், பர்ஸ் கூடாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருபவர்கள் என்பதால் அபிஷேக விவரம் கேட்பது நமக்கு எளிது. கட்டண ரசீதைக் கோயில் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். வாசலில் "ஸ்பெஷல் தரிசனம்" என்று பின்னால் வருபவர்களிடம் வேண்டாம். மாலை பாக்மதிக் கரையில் ஆரத்தி. மறுநாள் விமானம் மதியத்துக்கு மேல் என்றால், விடிந்ததும் நகருக்கு வடக்கே பூடாநீலகண்டம் போய்வரலாம். குளத்துக்குள் சேஷசயனத்தில் பெருமாள்.

மிச்சமிருக்கும் நேபாள நோட்டுகளைக் காத்மாண்டிலேயே மாற்றிவிடுங்கள், சென்னையில் வாங்க ஆள் கிடைப்பது கடினம். முக்திநாத் ஈரத்துணியும் கல்லும் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் கல்லை வைத்தால் ஸ்கேனரில் நிறுத்திப் பிரித்துப் பார்ப்பார்கள், பின்னால் வரிசை நிற்கும்.